பேச்சு மருத்துவம் யாருடைய மொழியில்?

பேச்சு மனிதனுக்கு இயற்கையாக அமைந்தது என்று நாம் எண்ணுகிறோம். மூச்சு விடுவது போல அதுவும் தானே வந்துவிடும் என்பது நம் நம்பிக்கை. ஆனால் ஒரு சொல் வெளிவர எத்தனை உறுப்புகள் ஒத்துழைக்க வேண்டும் என்பதைப் பண்டைத் தமிழர் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதற்கென்றே அமைந்த இயல். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, நாக்கு, பல், உதடு, அண்ணம், மூக்கு ஆகியவற்றின் துணையால் எழுத்தொலியாக உருப்பெறுவதை அது விளக்குகிறது. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் பேச்சு பழுதுபடும். இவற்றை இயக்கும் மூளையிலோ, பிறர் பேச்சை உள்வாங்கும் செவியிலோ குறை நேர்ந்தாலும் அதே விளைவுதான்.

இக்குறைகளை ஆராய்ந்து, அளந்து, பயிற்சியால் நீக்கவோ குறைக்கவோ முயலும் துறைக்குப் பேச்சு நோயியல் என்று பெயர். மக்கள் வழக்கில் அது ‘ஸ்பீச் தெரபி’. திக்குவாய், அண்ணப்பிளவு, செவிட்டுத்தன்மையால் பேச்சு வராமை, பக்கவாதத்தால் நேரும் பேச்சிழப்பு, குரல் கம்முதல், உணவை விழுங்குவதில் இடர்ப்பாடு ஆகிய யாவும் இத்துறையின் எல்லைக்குள் வருவன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் செவிக்குறை உடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் என்றும், பேச்சுக்குறை உடையோர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் என்றும் கூறுகிறது.

இத்தனை பேருக்கும் பயிற்சி அளிக்க வல்லுநர் வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புவர். அவ்வல்லுநருக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. காலில் முறிவு என்றால் எலும்பு மருத்துவர் நோயாளியின் மொழியை அறியாமலேயே கட்டுப் போட்டுவிடலாம். பேச்சு மருத்துவருக்கோ நோயாளியின் மொழியே உடல்; அதிலேதான் நோயும் இருக்கிறது. அம்மொழியை அறியாதவருக்கு நோய் தென்படாமல் போகலாம். இல்லாத நோய் தென்படவும் கூடும்.

துறை வளர்ந்த வரலாறு

1861இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓர் ஒலியைத் தவிர வேறெதுவும் பேச இயலாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவரது மூளையைச் சோதித்தார். இடப்பக்க மூளையின் முன்பகுதியில் பழுது இருப்பதைக் கண்டார். பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்ற ஆராய்ச்சி அதனால் விரைவு பெற்றது. பின்னர் இரண்டு உலகப் போர்களிலும் தலையில் காயமுற்றுப் பேச்சிழந்த வீரர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டி வந்தபோது, இத்துறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித் தொழிலாக உறுதிப்பட்டது.

இந்தியாவில் இக்கல்வி 1960களில் வேரூன்றியது. பம்பாயில் நாயர் மருத்துவமனையைச் சார்ந்த கல்லூரி ஒரு முன்னோடி. 1965இல் மைசூரில் ஓர் அனைத்திந்திய நிறுவனம் தோன்றிற்று. அதன் புதிய கட்டடத்துக்கு 1966ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் அடிக்கல் நாட்டினார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர் அவர் என்பது நினைவுகூரத் தக்கது. அதே ஆண்டில் அந்நிறுவனம் ‘அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம்’ என்ற இன்றைய பெயரைப் பெற்றது.

நம் பெங்களூரிலும் இத்துறைக்குப் பஞ்சமில்லை. நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனித் துறை உண்டு. இலிங்கராஜபுரத்தில் டாக்டர் எஸ். ஆர். சந்திரசேகர் பெயரால் அமைந்த பேச்சு, செவி நிறுவனம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றவர்கள் மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு நேர்முகப் பயிற்சியும் முடித்து இதில் பட்டம் பெறலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் இப்படிப்பை நெறிப்படுத்தி வந்துள்ளது.

தொடக்கத்தில் இக்கல்வி மேல்நாட்டு நூல்களோடு வந்தது. சோதனைப் படங்களும் சொற்பட்டியல்களும் ஆங்கிலக் குழந்தைகளுக்காக அமைந்தவை. நம் மொழிகளுக்கென்று சோதனைகள் வேண்டும் என்று உணர்ந்த மைசூர் ஆசிரியர்கள் 1972இல் கன்னட உச்சரிப்புச் சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். தமிழுக்கும் பிற மொழிகளுக்கும் பின்னர்ச் சோதனைகள் வந்தன. ஆயினும் சோதனைத் தாள் அச்சாகிவிட்டதால் மட்டும் நீதி கிடைத்துவிடுவதில்லை. ஏன் என்பதைச் சிவாஜிநகரை வைத்துப் பார்ப்போம்.

சிவாஜிநகரில் ஒரு குழந்தை

1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது சென்னைப் படையோடு தமிழ் மக்கள் பெருந்தொகையாக வந்தனர். சிப்பாய்களும், அவர்களுக்கு வேண்டிய பொருள்களை விற்றவர்களும், சமையற்காரரும், கட்டட வேலைக்காரரும் குடியேறிய பகுதிகளுள் ஒன்றே இன்றைய சிவாஜிநகர். 1868இல் தோன்றிய பவ்ரிங் மருத்துவமனை, 1927இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட், செப்டம்பர்த் திருவிழாவுக்குக் காவி உடையில் மக்கள் திரளும் தூய மரியன்னை பேராலயம், எந்நேரமும் இரைச்சல் ஓயாத பேருந்து நிலையம் ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருக்கின்றன.

இங்கே ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிக்கொள்வோம். தாய் பேசுவது தமிழ். அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுவது தக்கணி உருதில். அங்கன்வாடியில் கேட்டது கன்னடம். இப்போது சேர்ந்திருப்பது ஆங்கிலப் பள்ளி. குழந்தை வகுப்பில் வாய் திறப்பதில்லை என்றோ, சொற்களைச் சிதைக்கிறது என்றோ ஆசிரியை சொல்ல, தாய் அதனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே சோதிப்பவர் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். பேசுவது கன்னடமும் ஆங்கிலமும். அவர் கையில் கன்னடச் சோதனைப் படங்கள்.

பல்லின் படத்தைக் காட்டுகிறார். கன்னடத்தில் அது ‘ஹல்லு’. குழந்தை ‘பல்லு’ என்கிறது. பாலைக் காட்டுகிறார். ‘ஹாலு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘பாலு’ என்கிறது. புலியைக் காட்டுகிறார். ‘ஹுலி’ வரவில்லை, ‘புலி’ வருகிறது. சோதிப்பவர் தாளில், ‘ஹகரத்துக்குப் பதிலாகப் பகரம் ஒலிக்கிறது’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? குழந்தைக்கு இல்லாத நோய் ஒன்று பதிவாகிவிடும். உண்மையில் அக்குழந்தை பிழையே செய்யவில்லை. தன் தாய்மொழிச் சொல்லைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கன்னடத்தில் சொல்முதற் பகரம் ஹகரமாக மாறத் தொடங்கிற்று, தமிழில் மாறவில்லை. மொழிநூலின் முதற்பாடத்தை அறிந்த மாணவன் இதனை உடனே கண்டுகொள்வான். அப்பாடம் பேச்சு மருத்துவ வகுப்பில் தேர்வுக்காக மட்டும் படிக்கப்பட்டால், கண்டுகொள்ள மாட்டான்.

பிழை எது? வழக்கு எது?

இத்துறையின் முதற்கடமை, மாறுபாட்டையும் கோளாற்றையும் வேறு பிரித்து அறிவதாகும். வடதமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றில் ‘வாழைப்பழம்’ என்பதில் உள்ள ழகரம் யகரமாக ஒலிக்கும். தென்மாவட்டத்தாரிடமும் ஈழத்தாரிடமும் அது ளகரமாக ஒலிக்கும். தாய் எப்படிச் சொல்கிறாளோ அப்படியே குழந்தையும் சொன்னால் அஃது அக்குடும்பத்தின் வழக்கு. அதற்கு மருந்து வேண்டுவதில்லை. பழைய மைசூர்ப் பகுதியின் நாட்டுப்புறக் கன்னடத்தில் ‘ஹாலு’ என்பது ‘ஆலு’ என்று ஒலிப்பதும், எழுத்து உருதில் அடித்தொண்டையில் எழும் ககரம் தக்கணியில் உரசொலியாக மாறுவதும் இத்தகையனவே. இவற்றையெல்லாம் நோய் என்று எழுதினால், ஏழைகளின் பேச்சு முழுவதையும் நோய் என்றே எழுத வேண்டிவரும்.

கோளாற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஐந்து வயதாகியும் ஒரு குழந்தை ககரத்தை ஒலிக்க இயலாமல் அவ்விடத்தில் தகரத்தை ஒலிக்கிறது. காக்கையைக் காட்டி ‘காக்கா’ என்று சொல்ல முயன்றால் ‘தாத்தா’ என்று வருகிறது. வீட்டார் சிரிக்கின்றனர், தாத்தாவும் சேர்ந்து சிரிக்கிறார். அதே குழந்தையைக் கன்னடத்தில் கேட்டால் ‘காகெ’ என்பது ‘தாதெ’ ஆகிறது. உருதில் ‘கவ்வா’ என்பது ‘தவ்வா’ ஆகிறது. மூன்று மொழியிலும் ஒரே மாற்றம். இரண்டு மூன்று வயதில் இது பல குழந்தைகளிடம் காணப்படுவதே. ஐந்து வயதிலும் நீங்கவில்லை என்றால் பயிற்சி வேண்டும்.

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. உண்மையான கோளாறு, குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் தலைகாட்டும். ஒரு மொழியில் மட்டும் தோன்றும் குறை பெரும்பாலும் அம்மொழியில் பழக்கம் போதாமையே ஆகும். இவ்விதியைப் பயன்படுத்த வேண்டுமானால் குழந்தையை அதன் எல்லா மொழிகளிலும் கேட்க வேண்டும் அன்றோ? ஒரு மொழியில் மட்டும் கேட்டவர் தீர்ப்பு வழங்குதல் ஒரு சாட்சியை மட்டும் விசாரித்த நீதிபதியின் தீர்ப்பைப் போன்றது.

“வீட்டில் ஒரே மொழி பேசுங்கள்”

குழந்தை பேசத் தாமதித்தால் தாய்க்குப் பலரும் கூறும் அறிவுரை ஒன்று உண்டு. “பல மொழி கேட்டுக் குழம்பிவிட்டது, வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுங்கள்” என்பது அது. அக்கம்பக்கத்தார் சொல்வர், பள்ளியில் சொல்வர், மருத்துவம் கற்றவருள்ளும் சிலர் சொல்வர். இவ்வறிவுரைக்கு ஆராய்ச்சியின் துணை இல்லை. இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதனால் மட்டும் குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை என்பதே பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டும் முடிவு. கோளாறு உள்ள குழந்தையும் இரு மொழிகளைக் கற்க இயலும்.

இவ்வறிவுரையால் விளையும் கேடுகள் இரண்டு. ஆங்கிலம் சரளமாக வராத தாய், ஆங்கிலத்தில் தான் பேச வேண்டும் என்று கட்டளை பெற்றால் என்ன செய்வாள்? ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்ற மூன்று சொல்லோடு நின்றுவிடுவாள். கதை நின்றுபோகும், தாலாட்டு நின்றுபோகும், பாட்டியின் பேச்சு பொருளற்றதாகும். பேச்சு வளர வேண்டிய குழந்தைக்குக் கேட்கும் பேச்சே குறைந்துவிடும். இது முதற்கேடு.

இரண்டாவது இன்னும் கொடியது. அக்குழந்தைக்கு உண்மையில் காது கேளாதிருக்கலாம். ‘மொழிக் குழப்பம்’ என்ற சொல்லில் அனைவரும் அமைதியடைந்து ஓராண்டு, ஈராண்டு காத்திருப்பர். அவ்வாண்டுகள் திரும்பக் கிடைக்காதவை.

காத்திருப்பதற்கு நம்மிடம் ஓர் இனிய காரணமும் இருக்கிறது. மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்தவர் வள்ளுவர். அவ்வினிமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓராண்டு நிறைவை ஒட்டி முதற்சொல்லும், ஈராண்டு நிறைவில் இரு சொற்களை இணைத்துப் பேசும் திறமும் வர வேண்டும். வரவில்லையெனில் முதலில் செவியைச் சோதிக்க வேண்டும். பிறந்து ஒரு திங்களுக்குள் செவிச் சோதனை, மூன்று திங்களுக்குள் உறுதியான முடிவு, ஆறு திங்களுக்குள் மருத்துவத் தொடக்கம் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட குறிக்கோள். சோதனையும் எளியது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியைப் பொருத்தி மெல்லிய ஒலியைச் செலுத்துவர். நலமான உட்செவி அதற்கு மறுமொழியாகத் தானே ஒரு நுண்ணொலியை எழுப்பும். கருவி அதனைப் பதிவு செய்யும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. அவ்வொலி வராத குழந்தையை மேலும் சோதிக்க வேண்டும்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறவிச் செவிட்டுத்தன்மையையும் மொழி வளர்ச்சித் தாமதத்தையும் தன் சோதனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. காதினுள் பொருத்தும் காக்ளியர் கருவியை அரசுத் திட்டங்களின் வாயிலாக ஏழைக் குழந்தைகள் பெற வழி உண்டு. தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இதில் பெயர் பெற்றது. ஆனால் கருவி ஒலியைத்தான் தரும், மொழியைத் தராது. அறுவைக்குப் பின் நெடுநாள் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி தாய்க்குத் தெரியாத மொழியில் நடந்தால், குழந்தை தெரபி அறையில் பேசும். வீட்டில் பேச ஆளிராது. பேச்சு ஒன்றே வழி என்றும் கருதவேண்டியதில்லை. செவி கேளாதோரின் சைகை மொழியும் முழுமையான மொழியே. அதற்கென 2015இல் புதுதில்லியில் தேசிய ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஒன்று அமைந்துள்ளது. பெற்றோர்க்கு இரு வழிகளையும் எடுத்துரைப்பதே நேர்மை.

கூலியும் குரலும்

மொழித் தடையைக் கடந்தாலும் வேறு தடைகள் உண்டு. பேச்சுப் பயிற்சி ஒரு நாள் மருந்தன்று. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாகப் பல திங்கள் நடப்பது. 2023 ஜூன் 11 அன்று தொடங்கிய சக்தித் திட்டத்தால் கர்நாடகப் பெண்களுக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சமாயிற்று. வீட்டு வேலை செய்யும் தாய்க்கு அரைநாள் கூலி மிச்சமாகவில்லை. நான்கு முறை வந்து ஐந்தாம் முறை வராமற் போனவளை ‘அக்கறையற்ற தாய்’ என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. பயிற்சி நேரத்தை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்பது அதைவிடப் பயனுள்ளது.

ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய் விற்பவரை எண்ணுங்கள். நாள் முழுதும் கூவிக் கூவிக் குரல்நாணில் சிறு முடிச்சு விழுந்து, குரல் கம்மிவிட்டது. “குரலுக்கு ஓய்வு கொடுங்கள்” என்பது எளிதில் கிடைக்கும் அறிவுரை. குரலுக்கு ஓய்வு கொடுத்தால் அடுப்புக்கும் ஓய்வு கொடுக்க வேண்டுமே! மூச்சை அடக்கிப் பேசும் முறை, இடையிடையே தண்ணீர், விலை எழுதிய அட்டை, கூவும் வேலையை மற்றொருவரோடு பங்கிடல் என்று அவர் தொழிலுக்குள்ளேயே வழி காண வேண்டும். அதற்குச் சந்தையைப் பார்த்த மருத்துவர் வேண்டும்.

முதியோர் நிலையும் இத்தகையதே. கமர்ஷியல் தெருவில் தையல் வேலை செய்த ஒருவர் பக்கவாதத்தால் பேச்சிழக்கிறார் என்று கொள்வோம். வீட்டில் தமிழ், வாடிக்கையாளரிடம் கன்னடமும் உருதும் பேசி வாழ்ந்தவர். முதலிற் கற்ற மொழியே முதலில் மீளும் என்றார் 1881இல் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. மிகுதியாகப் பழகிய மொழியே மீளும் என்றார் 1895இல் பித்ர் என்னும் மருத்துவர். இரண்டும் எல்லோர்க்கும் பொருந்தவில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எம்மொழி எஞ்சியிருக்கிறது என்பதை ஒவ்வொரு மொழியிலும் கேட்டுத்தான் அறிய முடியும். கன்னடத்தில் மட்டும் கேட்டு, ‘பேச்சு எஞ்சவில்லை’ என்று முடிவு கட்டினால், தமிழில் தம் மனைவியின் பெயரைச் சொல்லக் கூடியவர் ஊமையாக வீடு திரும்புவார்.

வகுப்பில் கற்பிக்க வேண்டுவன

இவற்றையெல்லாம் நல்ல மனமுள்ள மருத்துவர் தாமே செய்துகொள்வார் என்று விட்டுவிடலாகாது. கற்பித்துத் தேர்வும் வைக்க வேண்டிய பாடங்கள் இவை.

முதலாவது, மொழி வரலாறு கேட்டல். குழந்தையோடு யார், எந்த மொழியில், நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுகின்றனர் என்பதை முதல் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ‘தாய்மொழி: தமிழ்’ என்ற ஒரு வரி போதாது.

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளரோடு பணியாற்றும் முறை. பத்து வயது அக்காளை மொழிபெயர்க்க வைப்பது பல இடங்களில் காணும் வழக்கம். அவள் தம்பியின் பிழையைத் திருத்தியே சொல்வாள். அன்பினால் நோயை மறைத்துவிடுவாள். வளர்ந்த ஒருவரை முன்னரே அமர்த்தி, ‘குழந்தை சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள், குறிப்புக் கொடுக்காதீர்கள்’ என்று பழக்க வேண்டும்.

மூன்றாவது, வீட்டுப் பொருளைக் கொண்டு பயிற்சி. பனிமனிதன் படமும் பனிக்குடில் படமும் சிவாஜிநகர்க் குழந்தைக்கு எதற்கு? கரண்டி, குடம், கறிவேப்பிலை, காக்கை ஆகியன ககரப் பயிற்சிக்குப் போதுமே!

நான்காவது, வராதவரை எண்ணுதல். வந்தவர் எத்தனை பேர், குணமடைந்தவர் எத்தனை பேர் என்று எல்லா நிலையங்களும் கணக்கு வைக்கின்றன. இடையில் நின்றவர் யார், எந்தத் தெருவினர், என்ன மொழியினர், ஏன் நின்றனர் என்று கணக்கெடுக்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே ஊட்ட வேண்டும்.

ஐந்தாவது, பிறரைப் பயிற்றுவித்தல். சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சு, செவித் துறையினர் திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் செய்த பணி இதற்கு வழிகாட்டி. அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைக்கு அறுவையால் பிளவு மூடும். ஆனால் வாயில் காற்றைத் தேக்க முடியாத நாள்களில் தொண்டையிலேயே ஒலிகளை எழுப்பப் பழகிய குழந்தை, மூடிய பின்னும் அப்படியே பேசும். அதனை மாற்றப் பலமுறை பயிற்சி வேண்டும். சிற்றூரிலிருந்து சென்னைக்கு வாரந்தோறும் வர யாரால் இயலும்? எனவே உள்ளூர்ப் பணியாளர்களைத் தேர்ந்து, ஒலிப் பயிற்சி முறையைக் கற்பித்து, வல்லுநர் மேற்பார்வையில் குழந்தையின் ஊரிலேயே பயிற்சி கிடைக்கச் செய்தனர். பணியாளர் பேசுவதும் குழந்தையின் வட்டார வழக்கே.

பிற நாடுகளும் இவ்வினாவைச் சந்தித்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் இக்கல்வி 1930களில் ஜொகன்னஸ்பர்க் நகரின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நெடுங்காலம் பயின்றவர் பெரும்பாலும் வெள்ளையர். பேசியது ஆங்கிலமும் ஆஃப்ரிக்கான்ஸும். நாட்டின் பெரும்பான்மை மக்களோ சூலு, கோசா முதலிய மொழிகளைப் பேசுவோர். நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின், புதிதாகப் பட்டம் பெறும் பேச்சு மருத்துவர் ஓராண்டு அரசு மருத்துவமனைகளில் மக்கள் பணி செய்தாக வேண்டும் என்ற விதி வந்தது. ஹர்ஷா கத்தார்ட், மெர்ஷன் பிள்ளை போன்ற பேராசிரியர்கள் அத்தோடு அமையாமல், பாடத்திட்டமே மக்களை நோக்கித் திரும்ப வேண்டும் என்று எழுதி வந்துள்ளனர். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டப்படிப்பை நடத்துகிறது. எனினும் தமிழ் பேசும் பயிற்சியாளர் பற்றாக்குறை வடக்கிலும் கிழக்கிலும் நெடுங்காலமாக உணரப்பட்டு வருகிறது. கல்லூரி திறந்தால் மட்டும் போதாது. அங்கே யார் படிக்கிறார்கள் என்பதும் கல்வியின் ஒரு பகுதி என்பதை இவ்விரு நாடுகளும் காட்டுகின்றன.

நாம் செய்யக் கூடியவை

தமிழ் மாணவர் சங்கத்தினராகிய நாம் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். அறிவியல் பயிலும் நம் தம்பி தங்கையர் பலருக்கு மருத்துவம், பொறியியல் தவிர வேறு படிப்பு கண்ணில் படுவதில்லை. பேச்சு, செவித் துறையில் பட்டப்படிப்பு உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். தமிழும் கன்னடமும் உருதும் புழங்கும் தெருவில் வளர்ந்த பிள்ளை இத்துறைக்கு வந்தால், பிறர் நூலில் தேட வேண்டியதை அப்பிள்ளை செவியிலேயே கொண்டுவருவான்.

மொழிநூல் பயில்வோர் சிவாஜிநகர், அல்சூர்ப் பகுதிக் குழந்தைகள் உண்மையில் பேசும் தமிழைப் பதிவு செய்து, வயதுவாரியாகச் சொற்பட்டியல் தொகுக்கலாம். மதுரைக் குழந்தையின் தமிழை அளவுகோலாகக் கொண்டு பெங்களூர்க் குழந்தையை அளப்பதும் அநீதியே. ஏனையோர், பேச்சு நிலையம் ஒன்றின் அனுமதியோடு முறையான பயிற்சி பெற்று, மொழிபெயர்ப்புத் தொண்டு செய்யலாம்.

நாம் கேட்பது தமிழுக்கு மட்டும் சலுகை அன்று. எல்லை தாண்டி ஒசூருக்குச் சென்றால், அங்கே கன்னடமும் தெலுங்கும் பேசும் வீட்டுக் குழந்தை தமிழ்ச் சோதனைப் படங்களின் முன் இதே போல் திகைத்து நிற்கும். ‘புலி’ என்று எதிர்பார்ப்பவரிடம் அது ‘ஹுலி’ என்று சொல்லும். அக்குழந்தைக்கும் நோயில்லை என்று அறிந்து சொல்லும் தமிழ் மருத்துவரை உருவாக்குவதும் இக்கல்வியின் கடமை. ஆகவே இந்நகரில் பயிலும் நாம் கன்னடத்தையும் நன்கு கற்போம்; ஒரு குழந்தையை இரு மொழியிலும் கேட்டறிய வல்லவர் சிலரேனும் நம்முள்ளிருந்து புறப்படட்டும்.